அலமாரிக்கும் ஆகமமா?

ஆண்டுக்கு ஒருநாள் நம் வீடுகளிலே நூல்களுக்கு விழா எடுக்கிறார்கள். அடுக்கி வைக்கிறார்கள்; சந்தனம் தெளிக்கிறார்கள்; குங்குமப் பொட்டு இடுகிறார்கள்; பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். அந்த நாளிலே ஒரு சிறுவன் ஆசையோடு ஓடி, அடுக்கிலிருந்து ஒரு நூலை உருவிப் படிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? "தொடாதேடா! இன்று படிக்கக் கூடாது!" என்று பாட்டி பதறுவாள். கல்விக்கென்று ஒரு தெய்வம். அந்தத் தெய்வத்துக்கென்று ஒரு திருநாள். அந்தத் திருநாளிலே மட்டும் கல்விக்குத் தடை! இந்த விந்தையைக் கண்டு வியப்பாரும் இல்லை, வெட்கப்படுவாரும் இல்லை.

ஒருநாள் கூத்துதானே, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால், அந்த ஒருநாள் மனப்பான்மை ஆண்டின் எல்லா நாளும் நம் நூலகங்களிலே குடியிருக்கிறதே, அதை எப்படி விட்டுவிடுவது? நூல் என்பது தொட்டுப் புரட்டிப் பயன் கொள்ளும் கருவி என்ற எண்ணம் வரவில்லை. பூட்டிக் காத்துத் தொலைவில் நின்று பார்க்கும் பொருள் என்ற எண்ணம் போகவில்லை. கண்ணாடி அலமாரி ஒன்று. அதற்குப் பூட்டு ஒன்று. பூட்டுக்கு முன்னே மேசை ஒன்று. மேசைக்குப் பின்னே அதிகாரி ஒருவர். வந்தவன் இப்புறம் நிற்கிறான். வேண்டிய நூல் அப்புறம் இருக்கிறது. கருவறை, அர்த்த மண்டபம், பலிபீடம் என்று கோயிலுக்கு வகுத்த எல்லைகளை நூலகத்துக்கும் வகுத்துவிட்டார்கள். அலமாரிக்கும் ஆகமமா, தோழர்களே?

நூலகம் என்றால் என்ன? நூல்கள் இருக்கும் இடம் என்பார்கள். நூல்கள் அச்சகத்தின் கிடங்கிலும் இருக்கின்றன. பழைய தாள் வாங்கும் கடையிலும் இருக்கின்றன. அவற்றை நூலகம் என்று எவரும் அழைப்பதில்லை. ஒன்றைத் தேடி வரும் மனிதனும், அவன் தேடும் நூலும் சந்திக்கும் இடமே நூலகம். அந்தச் சந்திப்பை நடத்தி வைப்பதே நூலகரின் தொழில். தூசு தட்டுவதும், எண் ஒட்டுவதும், பதிவேடு எழுதுவதும், அடுக்குவதும் அந்தத் தொழிலுக்கான முன்னேற்பாடுகள். முன்னேற்பாடுகளைச் செம்மையாகச் செய்துவிட்டு, வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது, பந்தல் போட்டு, இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டுச் சோறு இல்லை என்று கைவிரிப்பதற்கு ஒப்பாகும்.

நூலைப் பூட்டும் நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. இங்கிலாந்திலே ஹெரிஃபோர்டு நகரப் பேராலயத்தில், இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைக்கப்பட்ட நூல்கள் இன்றும் காட்சியாக இருக்கின்றன. கையாலெழுதிய நூல் ஒரு பெருஞ்சொத்து மதிப்புப் பெற்றிருந்த காலத்தின் வழக்கம் அது. அச்சு வந்தது, நூல் பெருகியது, சங்கிலி அறுந்தது. 1894-இல் இலண்டனின் கிளார்க்கன்வெல் பகுதிப் பொதுநூலகத்திலே ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பார், மக்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

நம் நாட்டிலோ கதை வேறு. அங்கே சங்கிலி நூலுக்கு. இங்கே சங்கிலி மனிதனுக்கு! இன்ன வீட்டில் பிறந்தவன் படிக்கலாம், இன்ன வீட்டில் பிறந்தவன் கேட்கவும் கூடாது, பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு ஏடு எதற்கு என்று சட்டம் செய்தார்கள். அதனால் விளைந்தது என்ன? படிக்க ஆளில்லாத ஏடுகள் பரணிலே கிடந்தன, செல்லுக்கு உணவாயின. ஆடிப்பெருக்கில் ஆற்றிலே விடப்பட்ட ஏடுகளும், புனிதமென்று கருதித் தீயிலே இடப்பட்ட ஏடுகளும் உண்டு என்பதை, ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய உ.வே.சாமிநாதையரே வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். வணங்கி வணங்கியே அழித்தோம்! தேடுவோருக்குக் கொடுத்திருந்தால் படி எடுத்திருப்பார்கள். படி எடுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

இந்த மண்ணிலேதான், இந்த மனப்பான்மையின் வேரிலே கோடரி வைத்த ஒரு கருத்தும் பிறந்தது. சீர்காழியிலே 1892-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி கற்றுத் திரும்பினார். பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931-இல் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் நூலகம் பயிலும் மாணவர்கள் அந்த ஐந்தையும் படிக்கிறார்கள். அவர் எந்தக் குலத்திலே பிறந்தார் என்று ஆராய்வோர் ஆராயட்டும். சொன்னவரின் பிறப்பைப் பாராமல் சொன்னதன் பொருளைப் பார்ப்பவன் பகுத்தறிவாளன். அவர் சொன்னதன் பொருளோ வருணப் பிரிவினையின் அடிமடியிலே கைவைக்கிறது.

நூல் பயன்பாட்டுக்காகவே இருக்கிறது என்பது அவருடைய முதல் விதியின் கருத்து. பூசைக்கு வைத்த நூல் அடுக்கு அங்கேயே சரிந்து விழுகிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. 'ஒவ்வொருவருக்கும்' என்ற அந்த ஒரு சொல்லிலே எத்தனை நூற்றாண்டுத் தடைகள் தகர்கின்றன, பாருங்கள்! ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது. நான்காவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்: வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அது.

நேரம் யாருக்கு அருமை? ஓய்வாகச் சாய்வு நாற்காலியில் கிடப்பவருக்கா? பகலெல்லாம் உழைத்து, மாலையிலே ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொண்டு நூலகத்துக்கு ஓடி வரும் தொழிலாளிக்கு அருமை. அடுப்புக்கும் பிள்ளைக்கும் இடையே அரைமணி பிடித்து வரும் பெண்ணுக்கு அருமை. கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாத மாணவனுக்கு அருமை. அந்த ஒரு மணியை, "அதோ அங்கே தேடிப் பாருங்கள்" என்று கையை நீட்டிக் கரைப்பது, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்வதை ஒத்த செயல். வசதி படைத்தவன் நூலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வான். கேட்டறிய அவனுக்கு வழக்கறிஞர் உண்டு, மருத்துவர் உண்டு, பேராசிரியர் உண்டு. ஏழைக்கு நூலகரைத் தவிர வேறு யார் உண்டு?

1876-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. மெல்வில் டூயி என்பார் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் பதின்ம முறையை அச்சிட்டார். அதே ஆண்டிலே, வூஸ்டர் நகர நூலகரான சாமுவேல் கிரீன் என்பார், நூலகர்கள் கூடிய மாநாட்டிலே ஒரு கட்டுரை படித்தார். நூலகத்துக்கு வருவோரிடம் நூலகர் முகமலர்ச்சியோடு பழக வேண்டும், கூச்சப்படுவோரைக் கேட்கத் தூண்ட வேண்டும், வாங்க வந்தவர் ஒன்றும் வாங்காமல் போவதைக் கடைக்காரர் எப்படி விரும்பமாட்டாரோ அப்படி, கேட்டவர் விடை பெறாமல் திரும்புவதை நூலகர் விரும்பக் கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். ஒருவர் நூலுக்கு எண் தந்தார். ஒருவர் மனிதனுக்குச் சொல் தந்தார். நம் நாட்டு நூலகங்கள் முன்னதை இறுகப் பற்றின. பின்னதைப் பெரும்பாலும் மறந்தன!

எண் மட்டும் போதாது என்பதற்கு நம் மொழியிலேயே சான்று காட்டுகிறேன். பெரியாரின் எழுத்தைத் தேடுகிறான் ஓர் இளைஞன். அட்டையிலே அவர் எப்படி இருக்கிறார்? 'ஈ.வெ.ரா.' என்றா? 'ராமசாமி' என்றா? 'இராமசாமி' என்றா? 'பெரியார்' என்றா? 'ரா'வில் தேடியவனுக்கு 'இ'யில் இருப்பது கிட்டாது. மறைமலையடிகளின் தொடக்ககால நூல்கள் வேதாசலம் என்ற பெயரைத் தாங்கி வந்தவை. பாரதிதாசன் சுப்புரத்தினம், புதுமைப்பித்தன் விருத்தாசலம். கணிப்பொறிப் பட்டியல் வந்தது, மகிழ்ந்தோம். ஆனால், அதிலே தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்திலே பதித்து வைத்தால், பதித்தவர் எந்த எழுத்துக்கூட்டலைக் கையாண்டார் என்று வாசகன் சோதிடமா பார்ப்பான்? ழகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்து, இன்னொருவர் ஈரெழுத்து! ஒரு பெயரில் தேடினாலும் மறுபெயரைக் காட்டும் வழிகாட்டி அட்டை வேண்டும். அது இல்லாத இடத்திலே வழிகாட்டும் மனிதர் வேண்டும். இரண்டும் இல்லையென்றால், நூல் இருந்தும் இல்லை. வாசகன் வந்தும் வரவில்லை.

இனி, ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவோம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே முட்டுக்காடு இருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி, இடையிலே பாலம். விடுமுறை நாளிலே அந்தச் சாலையில் உந்து வண்டிகளின் ஊர்வலம். படகு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பத்துக் கைகள் வழி காட்டும். வறுத்த மீன் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பலகையே கூப்பிட்டுச் சொல்லும். பழைய காலத்து வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அமைத்த தட்சிணசித்ரா 1996 முதல் அங்கே இருக்கிறது. அதற்கும் அம்புக்குறி உண்டு. களிப்புக்கு இத்தனை வழிகாட்டிகள்! அந்த ஊரிலே பிறந்து, அந்தக் கழியிலே வலைவீசி வாழ்பவனுக்கு, அவன் வாழ்வைத் தீர்மானிக்கும் ஓர் ஏட்டைத் தேடிக் கொடுக்க எத்தனை கைகள் நீள்கின்றன?

முட்டுக்காட்டு மீனவர் ஒருவர் நூலகம் ஒன்றுக்குச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். "கடலைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்கிறார். புவியியல் அலமாரியைக் காட்டிவிட்டு நூலகர் தலையைக் குனிந்துகொள்ளலாம். கேட்ட கேள்விக்கு விடை கொடுத்தாயிற்று! ஆனால், நல்ல நூலகர் அப்படிச் செய்யமாட்டார். "கடலைப் பற்றி எதை அறிய வேண்டும், அண்ணா?" என்று கேட்பார். "எங்கள் கரையிலே கட்டடம் எழுப்ப அளக்கிறார்கள், எவ்வளவு தொலைவுக்குக் கட்டலாம் என்று சட்டம் இருக்கிறதாமே" என்று அப்போதுதான் உண்மைக் கேள்வி வெளிவரும். அவர் தேடியது கடல் நூலன்று. 1991-இல் பிறந்து, 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை! அது அரசிதழில் வந்தது. அதன் சொல்லும் நடையும் வழக்கறிஞருக்கே தலைசுற்றும். 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில், கட்டடத்துக்கு இடமில்லாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறுக்கியது. இந்த ஒரு வரி அந்த மீனவருக்குத் தெரிவதற்கும் தெரியாமலிருப்பதற்கும் இடையே உள்ள தொலைவு, ஒரு நூலகர் கேட்ட ஒரு மறுகேள்வி.

இன்னொருவர் வருகிறார், ஒரு பெண். கழிநீரிலே மீன் வளர்த்துப் பிழைக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவர் ஊரிலேயே, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக்களம் இருக்கிறது. கொடுவா மீனைத் தொட்டியிலே முட்டையிடச் செய்து குஞ்சு பெறும் வித்தையை 1997-இல் அந்த நிலையத்தார் கைவரப் பெற்றார்கள். அறிவு வேலியின் மறுபக்கம் இருக்கிறது. அவரோ வேலியின் இந்தப் பக்கம் இருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்திலே. அவருக்கு வேண்டியது தமிழிலே ஒரு கையேடு, செலவுக் கணக்கு, பயிற்சி எங்கே என்ற முகவரி. அதைத் தேடித் திரட்டி ஒரு கோப்பிலே வைத்துக் கொடுப்பவரே நூலகர். "அப்படி ஒரு புத்தகம் வரவில்லை, அம்மா" என்று முடிப்பவர் வெறும் காவலர்.

மூன்றாமவர் ஒரு தாய். பார்வையற்ற பிள்ளையைக் கையிலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். முட்டுக்காட்டிலே 2005-இல் அமைந்த பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தைத் தேடி, தொலைதூர ஊர்களிலிருந்தும் இத்தகைய தாய்மார்கள் வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடநூல் புள்ளியெழுத்திலே வேண்டும், அல்லது காதால் கேட்கும் வடிவிலே வேண்டும். முன்பெல்லாம் பதிப்புரிமை குறுக்கே நின்றது. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவிலே நூலை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. 2013-இல் மராக்கெஷ் நகரிலே உலக நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. 2014-இல் அதை ஏற்றுறுதி செய்த முதல் நாடு இந்தியா! பெருமைதான். ஆனால், அந்தப் பெருமை புதுதில்லிக் கோப்பிலே உறங்குகிறதா, அந்தத் தாயின் கைக்கு வந்து சேர்ந்ததா? உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால், உரிமை பெற்றவனும் பெறாதவனும் ஒன்றுதான்.

இதைச் சொன்னவுடன் நான்கு திசையிலிருந்தும் நான்கு குரல்கள் கிளம்பும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அலமாரியைத் திறந்துவிட்டால் நூல் களவு போகுமே!" என்கிறது முதற்குரல். போகும், சில போகும். பூட்டி வைத்தால் என்ன ஆகிறது? எல்லா நூலும் எல்லாரிடமிருந்தும் களவு போகிறது! திருடன் கொண்டுபோன நூலையாவது ஒருவன் படிப்பான். பூட்டிய அலமாரியிலே பூச்சி மட்டுமே படிக்கும். நூறு பேரின் உரிமையை ஒரு திருடனுக்கு அஞ்சி அடகு வைப்பது நீதியாகாது.

"வருகிறவனுக்கே எது வேண்டும் என்று தெரியவில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்கிறது இரண்டாவது குரல். மருத்துவரிடம் நோயாளி, "வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்கிறான். "நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு வா" என்று எந்த மருத்துவராவது திருப்பி அனுப்புகிறாரா? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, என்ன உண்டாய் என்று கேட்டுக் கேட்டுத்தானே நோயைக் கண்டுபிடிக்கிறார்? அறியாமையும் அப்படி ஒரு வலிதான். தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாயிலை மிதியாத குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவன் வருகிறான். அவனிடம் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு ஆண்டு என்று சீட்டை நீட்டுவது உதவியா, தேர்வா?

"இனி நூலகர் எதற்கு? கைப்பேசியிலே தட்டினால் உலகமே வருகிறதே!" என்கிறது மூன்றாவது, நாகரிகக் குரல். தட்டியது வரும், வேண்டியது வருமா? கேட்டவன் தவறாகக் கேட்டாலும் இயந்திரம் ஏதோ ஒன்றைக் கொட்டும். விளம்பரம் கொடுத்தவன் முதலில் நிற்பான். மெய் எங்கோ பத்தாவது பக்கத்தில் நிற்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்பதற்கு முன்னே பல்வேறு எழுத்துருக்களில் ஏற்றிய தமிழ்ப் பக்கங்கள் தேடலிலே சிக்குவதில்லை. படமாக எடுத்து ஏற்றிய பழைய அரசாணைகளிலும் சொல் தேட முடிவதில்லை. கருவி வேண்டாம் என்பதன்று நம் வாதம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எவரும் படிக்கலாம் என்று இணையத்திலே வைத்திருக்கிறது. ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' தளம் தங்கள் ஏடுகளை எண்ணிமமாக்கிக் காக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இவற்றுள் எதிலே எது கிடைக்கும் என்று அறிந்து, வந்தவரின் கையிலே எடுத்துக் கொடுப்பவர் வேண்டும் என்பதே நம் வாதம். கருவி பெருகப் பெருக வழிகாட்டியின் தேவை குறையவில்லை, கூடுகிறது.

"ஆள் போதவில்லை, ஊதியம் போதவில்லை" என்கிறது நான்காவது குரல். இதிலே நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பகுதிநேர ஊதியத்திலே முழுநேர அன்பைக் காட்டும் நூலகர்கள் நம் ஊர்ப்புறங்களில் இருக்கிறார்கள். தம் சொந்தக் காசிலே இதழ் வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் வணக்கத்துக்குரியவர்கள். குற்றம் அவர்கள்மீதன்று. கட்டடத்துக்குப் பணம் உண்டு, கல்வெட்டுக்குப் பணம் உண்டு, ஆளுக்கு மட்டும் பணமில்லை என்று கணக்கு எழுதும் ஆட்சிமுறையின்மீது! விடுதலை பெற்ற இந்தியாவிலே முதல் பொதுநூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் 1948-இல் இயற்றப்பட்டது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. இன்று ரூபாய்க்கு 10 காசு. முட்டுக்காட்டு ஓலைக்குடிசை ஓட்டுவீடாக மாறியவன் கட்டிய வரியிலும் அந்தக் காசு இருக்கிறது. ஆகவே, நூலகத்திலே வழி கேட்பவன் பிச்சை கேட்கவில்லை. தன் காசுக்குக் கணக்குக் கேட்கிறான்!

2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழ வழி செய்தது. 2010-இல் சென்னைக் கோட்டூர்புரத்திலே அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. அங்கே பார்வையற்றோர்க்கென்று தனிப் பிரிவே உண்டு. 2023-இல் மதுரையிலே கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. இவை நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க சாதனைகள். ஆனால், சாதனையின் அளவுகோல் எத்தனை மாடி, எத்தனை இலட்சம் நூல் என்பதோடு முடிந்துவிடுமா? இன்று வந்தவர்களில் எத்தனை பேர் தேடியதைப் பெற்றுத் திரும்பினார்கள் என்று ஒரு கணக்கு வேண்டாமா? இரவல் போன நூலுக்குப் பதிவேடு இருக்கிறது. ஏமாந்து போன வாசகனுக்குப் பதிவேடு எங்கே? கிடைக்காத நூலின் பெயரை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு. எழுதியதை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்ப ஒரு முறை. பதினைந்து நாளிலே நூலோ மறுமொழியோ வந்து சேரும் என்ற உறுதி. இவ்வளவுதான் கேட்கிறோம். இது வானத்தை வில்லாக வளைக்கும் வேலையா?

1931-இலே, மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே, எஸ்.வி.கனகசபை என்பாரின் முயற்சியால் மாட்டுவண்டியிலே ஒரு நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. சாலை சரியில்லை, மின்விளக்கு இல்லை, படித்தவர் தொகையோ மிகக் குறைவு. ஆயினும் வாசகன் வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. வாசகனைத் தேடி நூலே நடந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பளிங்குத் தரையும் கணிப்பொறியும் வந்தபின், வாசலுக்கே வந்தவனுக்கு எழுந்து நடந்து நூலைக் காட்ட முடியவில்லை என்றால், மாட்டுவண்டி நம்மை முந்திவிட்டது என்றே பொருள்.

இளைஞர்களே, இதிலே நம் கடமையும் இருக்கிறது. நம் இயக்கத்தை வளர்த்தவை படிப்பகங்கள். தேநீர்க் கடைப் பலகையிலும் முடிதிருத்தகத்து வாசலிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்ட காலம் உண்டு. "இதற்கு என்ன பொருள், தம்பி?" என்று பெரியவர் கேட்டால், நிறுத்தி விளக்கினார்கள். பட்டமில்லாத நூலகர்கள் அவர்கள்! அந்த மரபை நம் ஊர் நூலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை சென்று உட்காருங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் காட்டுங்கள். அரசாணை தேடுபவருக்குத் தேடிக் கொடுங்கள். ஊர் மக்கள் என்னென்ன கேட்டார்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுதி, நூலக ஆணைக்குழுவின் முன்னே வையுங்கள். முழக்கத்தைவிட வலிமை வாய்ந்தது கணக்கு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உதவ உட்காருபவன் உபதேசம் செய்யக் கூடாது. தன் உடலைப் பற்றி அறிய நூல் கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கக் கூடாது. சாதி கடந்து மணம் செய்ய, 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தையோ, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தையோ தேடும் இளைஞனிடம், "யாருக்கப்பா?" என்று ஊரறியக் கேட்கக் கூடாது. கேட்டது அவனோடு, கொடுத்தது உம்மோடு. அதுபோலவே, இராமாயணம் கேட்கும் பாட்டிக்கு இராமாயணத்தைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக நம் துண்டறிக்கையைத் திணித்தால், நாமும் ஒரு புதுப் பூசாரி ஆகிவிட்டோம் என்று பொருள். விவாத மேடையிலே மறுப்போம். அலமாரி முன்னே மறைக்கமாட்டோம். எதையும் படித்துப் பார்க்கட்டும், படிப்பவன் ஒருநாள் ஒப்பிடுவான், ஒப்பிடுபவன் சிந்திப்பான். பகுத்தறிவுக்கு அதைவிட வேறென்ன படை வேண்டும்?

1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிலே வெந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழன் இருக்கும் இடமெல்லாம் அழுதான். அழ வேண்டிய கொடுமைதான்! ஆனால் எண்ணிப் பாருங்கள்: தேடி வந்தவனின் கைக்கு எட்டாத நூல், அவனைப் பொறுத்தவரை எரிந்துபோன நூல்தான். எதிரி வைத்த தீ நம் கண்ணுக்குத் தெரிகிறது. நாமே வைத்த பூட்டு தெரியவில்லை. ஒரே இரவிலே எரிந்ததற்கு வெகுண்டெழுந்த நாம், நாள்தோறும் எரியாமலே எரிவதற்கு வாய் மூடி இருக்கலாமா?

அடுத்த சரசுவதி பூசை வரும். அன்று அடுக்கிய நூல்களுக்கு முன்னே ஊர் கைகட்டி நிற்கும். அன்றைக்கு ஓர் இளைஞன் அந்த அடுக்கிலிருந்து ஒரு நூலை எடுக்கட்டும், பொட்டைத் துடைக்கட்டும், பக்கத்திலே நிற்கும் தங்கையிடம், "உனக்கு எதைப் பற்றித் தெரிய வேண்டும், அம்மா?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் எவனோ, அவனே இந்த நாட்டுக்கு வேண்டிய நூலகன்.